பேருக்கு ஒரு கூட்டாளி

எங்கள் கடையின் இரும்புக் கதவில் இரண்டு பூட்டுகள் தொங்குகின்றன. ஒன்றின் சாவி என்னிடம் இருக்கிறது, மற்றதன் சாவி என் கூட்டாளி ஹாஜி சாலேயிடம். இருவரும் வந்தால்தான் கதவு திறக்கும். எனக்கு முதுகுவலி வந்து படுத்துவிட்டால் அன்று கடை இல்லை. அவர் பேத்தியின் கல்யாணத்துக்குப் போனால் அன்றும் கடை இல்லை. மலேசியாவின் வடக்கே, கெடா மாநிலத்தில் இருக்கிறது இந்த அலோர் ஸ்டார். ஊரைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல்தான். அரிசி ஆலைகளுக்கு வேண்டிய சல்லடை, பெல்ட், ரப்பர் உருளை ஆகியவற்றை நாங்கள் விற்கிறோம். பெல்ட் அறுந்துபோய் அவசரமாக ஓடிவரும் சீன ஆலை முதலாளிகள், பூட்டிய கதவுக்கு முன்னால் நான் தனியாக நிற்பதைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொள்வார்கள். "இன்னொரு கிழவர் எங்கே?" என்பார்கள். கோலாலம்பூரிலிருந்து வரும்போதெல்லாம் என் மகளும் கேட்பாள். "ஏம்ப்பா, ஆளுக்கு ரெண்டு சாவியா வெச்சுக்கிட்டா என்ன?" வைத்துக்கொள்ளலாம் என்பேன். வைத்துக்கொண்டதில்லை.

ஊரில் இருப்பவர்களும், என்னைப்போல் வெளியே வந்து கடை போட்டவர்களும் இதைப் படிக்கக்கூடும். இரண்டு நாட்டில் தொழில் நடத்துவது எப்படி என்று என்னிடம் யோசனை கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். சாமர்த்தியமாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அந்த இரண்டாவது பூட்டு எப்படி வந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். சொல்ல அலுப்பாகத்தான் இருக்கிறது. இத்தனை வருடம் சொல்லாமல் வைத்திருந்தது அதைவிட அலுப்பு.

நாங்கள் விற்கும் சரக்கில் பாதி, மன்னார்குடியில் இருக்கும் எங்கள் பட்டறையில் செய்தது. தகட்டில் துளை போட்டுச் சல்லடை ஆக்குவார்கள், உருளைக்கு அச்சு கடைவார்கள். இங்கே ஆகும் செலவில் பாதிக்கும் குறைவாக அங்கே முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டுத்தான் அதை ஆரம்பித்தேன். நான் கணக்கில் எடுக்காமல் விட்டது அறுவடைக் காலத்தை. கெடாவிலும் மன்னார்குடியிலும் நெல் ஏறக்குறைய ஒரே சமயத்தில் முற்றும். இங்கே ஆலைகள் ராப்பகலாக ஓடி உருளை தேய்ந்து சல்லடை கிழியும் அதே தை மாதத்தில்தான், அங்கே பட்டறை ஆட்கள் பொங்கலுக்கும் சம்பா அறுப்புக்கும் கிளம்பிப் போயிருப்பார்கள். தொலைபேசியில் மேஸ்திரியைக் கூப்பிட்டு, "சரக்கு ஏத்தியாச்சா?" என்று கேட்பேன். "ஏத்துற மாதிரிதாங்க இருக்கு" என்பார். மாதிரி என்றால் என்ன என்று நான் கத்துவேன். "ஆளுங்க அறுப்புல நிக்கிறாங்க முதலாளி. நீங்க அங்கேருந்து கத்துனா இங்க கதிர் சீக்கிரம் சாஞ்சிருமா?" என்பார். முதலாளியிடம் இல்லை என்று சொல்வது மன்னார்குடியில் மரியாதைக் குறைவு. மலாய்க்காரர்களும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லமாட்டார்கள். சீன ஆலைக்காரர் இல்லை என்பதில்தான் பேச்சையே ஆரம்பிப்பார். மூன்று பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, யார் சொன்னதற்கு என்ன பொருள் என்று யூகிப்பதே என் வேலையாக இருந்தது. அந்த வேலையில் நான் கெட்டிக்காரன் என்றும் நினைத்திருந்தேன்.

நான் பிறந்தது மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணி ஆற்றுத் தண்ணீர் பாயும் ஒரு கிராமத்தில். அப்பாவுக்கு ஒன்பது வேலி நிலம். ஒரு வேலி என்பது ஏழு ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. நான் தஞ்சாவூரில் பி.ஏ. பொருளாதாரம் முடித்துவிட்டு வீட்டில் இருந்த வருடங்களில் ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. சென்னையில் ஆட்சி மாறியிருந்தது. கடைத்தெருவில் கறுப்பு சிவப்புக் கொடி, சேரியில் செங்கொடி. கூலி உயர்வு கேட்டு அறுவடையை நிறுத்துவார்கள். மிராசுதார்கள் லாரியில் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்குவார்கள். வயலுக்கும் களத்துக்கும் நடுவே போலீஸ் வேன் நிற்கும். அந்தச் சமயத்தில்தான் ஒரு குடும்பம் இவ்வளவு நிலம்தான் வைத்துக்கொள்ளலாம் என்ற உச்சவரம்பைப் பாதியாகக் குறைத்தார்கள்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்பா நிலத்துக்குப் பெயர் வைக்க உட்கார்ந்தார். கல்யாணப் பந்தியில் யாரை எங்கே உட்காரவைப்பது என்று யோசிப்பதுபோல்தான் இருந்தது. அத்தை பேரில் ஒரு வேலி, அண்ணன் பேரில் இரண்டு, என் பேரில் கொஞ்சம், கோயில் பேரில் கொஞ்சம். "பெருமாளுக்கு உச்சவரம்பு கெடையாது" என்று அப்பா சொல்ல, எல்லோரும் சிரித்தோம். அப்படியும் ஒரு வேலி மிஞ்சியது. "பக்கிரி பேர்ல போட்டுடுவோம். அவன் எங்க போயிடப்போறான்?" என்றார் அப்பா. பக்கிரி எங்கள் பண்ணையாள். அவருடைய அப்பாவும் எங்கள் பண்ணையில்தான் இருந்தார். என்னைவிட இருபது வயது மூத்தவரை நாங்கள் எல்லோரும் அவன், இவன் என்றுதான் பேசினோம். எழுதும்போதாவது அவர் என்று எழுதுகிறேன்.

படித்த பிள்ளை என்பதால் அவரைப் பத்திரப் பதிவுக்கு அழைத்துப்போகும் வேலை எனக்கு வந்தது. அப்பா கொடுத்த கோடி வேட்டியைக் கட்டிக்கொண்டு பக்கிரி என் பின்னால் வந்தார். பதிவு அதிகாரி கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, "பணம் குடுத்துத்தானே வாங்குற?" என்று அவரைக் கேட்டார். பக்கிரி என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். "ஆமாங்க" என்றார். பெருவிரல் மையைத் துடைக்க இடம் தேடித் தன் வேட்டியைப் பார்த்துவிட்டு, புதுசு என்பதால் மனமில்லாமல் தலைமுடியில் தேய்த்துக்கொண்டார். திரும்பி வரும்போது, பஸ்ஸை விட்டு இறங்கி ஊருக்குள் நடக்கையில் கேட்டார்.

"சின்னய்யா, எம்பேருல இருக்கறது எதுங்க? வாய்க்காலுக்கு மேலண்டயா, கீழண்டயா?"

"தெரிஞ்சு என்ன பண்ணப்போறே?"

"சும்மாதாங்க. நடவு நடறப்ப இதுதான்னு தெரிஞ்சா ஒரு சந்தோசம்."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். மேலண்டை நிலம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான் அது, எப்படியும் அவருக்கும் தெரிந்துவிடும் என்று நினைத்தேனோ என்னவோ.

அடுத்த அறுவடைத் தகராறில் எங்கள் களத்து வைக்கோல்போர் எரிந்தது. தீ வைத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது சேரிக்காரர்களை. அவர்கள் அடிபட்டு வந்ததைப் பார்த்தேன். அவர்கள் பக்கம் போய் நிற்க எனக்குத் தைரியமில்லை. அப்பா பக்கம் நிற்கவும் கூச்சமாக இருந்தது. அலோர் ஸ்டாரில் கடை வைத்திருந்த மாமா உதவிக்கு ஆள் வேண்டும் என்று எழுதியிருந்தார். கப்பலேறினேன். நான் நியாயத்துக்காக ஊரை விட்டவன் என்று இங்குள்ளவர்களிடம் பல வருடம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். உண்மையில் அது வெறும் நழுவல்.

மாமாவுக்குப் பிறகு கடை என் கைக்கு வந்தது. இந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கினேன். அரசாங்க ஆலைகளுக்குச் சரக்கு கொடுக்க வேண்டுமானால் மலாய்க்காரர் ஒருவர் கூட்டாளியாக இருக்கவேண்டும் என்று ஒரு நிலைமை வந்தது. மற்ற வியாபாரிகள் கலங்கிப்போனார்கள். நான் கலங்கவில்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில் இல்லாத பாடமா? பேருக்கு ஓர் ஆள் வேண்டும், அவர் எங்கேயும் போகாதவராக இருக்கவேண்டும். சாலே ஓர் ஆலையில் நெல் எடை போடும் எழுத்தராக இருந்தார். சாதுவான மனிதர். காப்பிக்கடையில் வைத்துக் கேட்டேன். வக்கீல் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டதும் என் கையைப் பிடித்துக் குலுக்கி, குலுக்கிய தன் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, "கித்தா கொங்சி" என்றார். நாம் பங்காளிகள் ஆகிவிட்டோம் என்று பொருள். நானும் சிரித்து வைத்தேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் காலை கடை திறக்க வந்தால், சலவைச் சட்டையும் கறுப்புத் தொப்பியுமாக சாலே வாசலில் நிற்கிறார். ஒரு கையில் சாப்பாட்டு அடுக்கு. எடைபோடும் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்.

"நான் எங்கே உட்காரட்டும், அபாங்?" என்று கேட்டார். அபாங் என்றால் அண்ணன்.

நீங்கள் வரவேண்டியதில்லை, மாதா மாதம் வீட்டுக்குப் பணம் வந்துவிடும், சிரமப்படவேண்டாம் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் சொன்னேன். அவர் ஊரில் விருந்தாளியிடம் எடுத்த எடுப்பில் சிரமப்படாதீர்கள் என்பது ஒரு பண்பு. அதை ஏற்றுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடுவது பண்பில்லாத செயல். நான் மறுபடியும் மறுபடியும் சொல்ல, என் பண்பைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கியேவிட்டது. கடைசியில் கிடங்கிலிருந்த மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். சில வாரம் கழித்து ஒரு நாற்காலி வாங்கிப்போட்டேன்.

பேருக்கு வந்தவர் வேலை கற்றார். ஹோண்டா மோட்டார் சைக்கிளில் பெண்டாங் பெண்டாங்காகப் போவார். வயல்வெளியை இவர்கள் பெண்டாங் என்பார்கள். கிராமத்து ஆலைக்குப் போனால் முதலில் கை கொடுப்பார், பிறகு வீட்டில் எல்லோரும் நலமா என்பார், காப்பி குடிப்பார், மழை பற்றிப் பேசுவார், கிளம்பும்போதுதான் பெல்ட் பற்றிக் கேட்பார். நேரத்தை வீணடிக்கிறார் என்று நான் பல்லைக் கடிப்பேன். ஆனால் ஆர்டர் அவரிடம்தான் வந்தது. கடைக்கு வரும் தோட்டத்துத் தமிழர்களிடம் பேசிப் பேசித் தமிழும் கொஞ்சம் கற்றுக்கொண்டார். கடையை 'நம் கடை' என்பார். மன்னார்குடியை 'நம் பட்டறை' என்பார். "நம் பட்டறையை நான் எப்போது பார்ப்பது?" என்று வருடா வருடம் கேட்பார். விசா, வெயில், சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று நானும் வருடா வருடம் ஏதாவது சொல்வேன். ஹஜ் யாத்திரை முடித்து வந்த வருடம், "மெக்காவே பார்த்துவிட்டேன், மன்னார்குடியைப் பார்க்கக்கூடாதா?" என்று கேட்டார். அழைத்துப்போனேன்.

பட்டறையில் ஒவ்வோர் ஆளிடமும் போய்க் கை கொடுத்து, நெஞ்சில் கை வைத்தார். கூட்டிப் பெருக்கும் அம்மாவிடம் மட்டும் தொடாமல் நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார். ஆட்களுக்குச் சிரிப்பும் வெட்கமும். "ஹாஜியாரு கை குடுத்த கையி, இன்னிக்கு இதால சுத்தியல் புடிக்க மாட்டேன்" என்று ஒருவன் உட்கார்ந்துவிட்டான். "நீ என்னிக்குடா புடிச்ச?" என்றார் மேஸ்திரி. மறுநாள் கிராமத்துக்குப் போனோம். அப்பா காலமாகி, அண்ணன் பண்ணையம் பார்த்துக்கொண்டிருந்தார். நெல் தெரிந்த மனிதர் வந்திருக்கிறார் என்று உற்சாகமாக வரப்பில் நடத்திக் கூட்டிப்போய்க் காட்டினார். இது அத்தை பேர்ல, அது பெருமாள் பேர்ல, வாய்க்காலுக்கு மேலண்டை ஒரு வேலி பக்கிரி பேர்ல, ஆனா எல்லாம் நம்மதுதான் என்று அவர் சொல்லச் சொல்ல, நான் மலாயில் பாதியை விட்டுவிட்டுச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

பக்கிரி என்ற பெயர் சாலேயின் காதில் விழுந்துவிட்டது. "பக்கிரி யார்? உங்கள் அண்ணனுடைய கூட்டாளியா?" என்று கேட்டார். தண்ணீர் திறந்துவிட்டுக்கொண்டிருந்த பக்கிரியை அண்ணன் கைதட்டிக் கூப்பிட்டார். சேற்றுக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தவரின் கையைச் சாலே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அந்நேரம் பக்கிரியின் மகள் தமிழரசி சாப்பாடு கொண்டுவந்தாள். மன்னார்குடியில் ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்த பெண். விடுமுறைக்கு வந்திருந்தாள்.

சாலே என்னிடம் மலாயில் சொன்னார்: "இவரிடம் சொல்லுங்கள், நானும் இவரைப்போலத்தான். அங்கே நம் கடைப் பலகையில் என் பெயரும் இருக்கிறது." நான் பக்கிரியைப் பார்த்து, "பயிர் நல்லா இருக்குன்னு சொல்றாரு" என்றேன். ஆனால் சாலேக்கு அதற்குமேல் மொழிபெயர்ப்பாளன் தேவைப்படவில்லை. தன் கடைத்தமிழில் அவரே கேட்டுவிட்டார்.

"பக்கிரி, உங்க பங்கு எவ்ளோ?"

அண்ணனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பங்கா? நல்லா கேட்டாரு போ! ஏன்டா பக்கிரி, ஒனக்குப் பங்கு வேணுமாடா?"

"அய்யய்யோ, அதெல்லாம் வேணாங்க பெரியய்யா" என்று பக்கிரியும் சிரித்தார்.

தமிழரசி தூக்குவாளியை வரப்பில் வைத்தாள். "வேணாம்னு ஏம்ப்பா சொல்ற? அவரு எவ்வளவுன்னுதானே கேட்டாரு?" என்றாள்.

"படிக்கப் போட்டதுக்கு வாயப் பாரு" என்றார் அண்ணன். இப்போது யாரும் சிரிக்கவில்லை. காரில் திரும்பும்போது, பக்கிரி ஏன் பதில் சொல்லாமல் சிரித்தார் என்று சாலே கேட்டார். பங்கைப் பற்றிப் பலர் முன்னால் பேசுவது எங்கள் ஊரில் வெட்கம் என்றேன். "எங்கள் ஊரிலும்தான். நான் கேட்டது தப்பு" என்று வருத்தப்பட்டார்.

சாலே கேட்ட கேள்வி அங்கேயே தங்கிவிட்டது. நாங்கள் அலோர் ஸ்டார் திரும்பிய சில மாதத்தில், தமிழரசி கிராம அதிகாரியிடம் போய்த் தன் அப்பா பேரில் நிலம் இருப்பதை விசாரித்து, கிஸ்தியைத் தானே கட்டப்போவதாகச் சொல்லியிருக்கிறாள். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டும் மனுக் கொடுத்திருக்கிறாள். சட்டப்படி அது பக்கிரியின் நிலம். அதை மறுக்க வேண்டுமானால், உச்சவரம்புக்குப் பயந்து பொய்ப் பத்திரம் போட்டோம் என்று அண்ணனே போய்ச் சொல்லவேண்டும். ஆகவே பக்கிரியிடமிருந்து அண்ணன் மகன் பேருக்குத் திருப்பி எழுதி வாங்குவது ஒன்றுதான் வழி. அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"ஒன் ஹாஜியாரு வந்து நல்லா பத்தவெச்சுட்டுப் போனாரு. பொண்ணு எழுதிக் குடுக்க விடமாட்டேங்குது. நீ வந்து சொன்னா பக்கிரி கேப்பான்."

"எனக்கு இங்க வேல கெடக்குண்ணா."

"வேலையா? தம்பி, பட்டறை மனை யாரு பேர்ல இருக்கு? கரண்டு யாரு பேர்ல இருக்கு?"

அண்ணன் பேரில்தான் இருந்தது. நான் வேறு நாட்டுக் குடிமகன் ஆகிவிட்டதால், சிக்கல் வேண்டாம் என்று பட்டறையை அவர் பேரில் போட்டிருந்தேன். பேருக்கு. எங்கள் குடும்பத்தில் யாருடைய பொருளும் அவரவர் பேரில் இருந்ததில்லை. பட்டறை நின்றால் கெடாவில் கடையும் நிற்கும் என்று எனக்குத் தெரியும். பட்டறையை நம்பிப் பல குடும்பங்கள் இருக்கின்றன என்றும் சொல்லிக்கொண்டேன். விமானத்தில் போகும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு போனேன்.

பக்கிரியின் வீட்டில் நாற்காலி இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து ஒன்றை வாங்கிவந்து போட்டார்கள். நான் உட்கார்ந்தேன். பக்கிரி நின்றார். தமிழரசி கதவுப் பக்கம் நின்றாள். விஷயத்தை நான் சுற்றி வளைத்துச் சொல்லி முடித்ததும் பக்கிரி கேட்டார்.

"நீங்க என்ன சொல்றீங்க சின்னய்யா? எழுதிக் குடுத்துறவா?"

"அப்பா, நீ ஏன் அவர கேக்குற?" என்றாள் தமிழரசி.

"அன்னிக்கும் அவருதானம்மா கூட வந்தாரு." பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "அன்னிக்கு நீங்க தலைய ஆட்டுனீங்க, நான் ஆமாங்கன்னேன். இன்னிக்கும் நீங்களே ஆட்டுங்க."

அவர் குத்தலாகச் சொன்னாரா, என்னை நம்பிச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நம்பித்தான் சொன்னார் என்று நினைக்கும் நாட்களில் என்னால் சாப்பிட முடிவதில்லை. வேண்டாம் என்று தலையை அசைத்திருந்தால் அந்த நிலம் அவருடையதாகவே இருந்திருக்கும். நான் தலையை ஆட்டினேன். தமிழரசி உள்ளே போய்விட்டாள். வாரக் கடைசியில் பத்திரம் பதிவானது. பட்டறை ஒருநாள்கூட நிற்கவில்லை.

திரும்பி வந்ததும் சாலே கேட்ட முதல் கேள்வி, "பக்கிரி நலமா?" என்பது. ஏன் அவசரமாக ஊருக்குப் போனேன் என்றும் கேட்டார். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். களைத்துப்போயிருந்தேன். நடந்ததைச் சொல்லிவிட்டேன். பேருக்கு என்பதை மலாயில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், அந்த வழக்கத்தை முழுக்க விளக்கவேண்டியிருந்தது. நிலம் ஒருவர் பேரில் இருக்கும், ஆனால் அவருடையது இல்லை, அது அவருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும் என்று. அவர் பொறுமையாகக் கேட்டார். காப்பி ஆறிப்போனது.

"அன்று வெட்கம் என்றீர்களே" என்றார் கடைசியில். பிறகு, "அப்படியானால் நான் யார், அபாங்? உங்கள் பக்கிரியா?"

இல்லை, இல்லை என்றேன். மலாயிலும் சொன்னேன், தமிழிலும் சொன்னேன். அவர் சாப்பாட்டு அடுக்கைக் கழுவி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் காலை அவர் வரும்போது கையில் ஒரு புதுப்பூட்டு இருந்தது. காகிதத்தைப் பிரித்து, கதவின் இன்னொரு வளையத்தில் மாட்டிப் பூட்டிப் பார்த்தார். காசோலையில் இனி இருவர் கையெழுத்தும் வேண்டும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவர் என்னை அபாங் என்று கூப்பிட்டதில்லை. எல்லோரையும்போல் தவுக்கே என்கிறார். முதலாளி என்று பொருள். ஒரு காசு நான் ஏமாற்றியதில்லை, ஒரு காசு அவர் ஏமாற்றியதில்லை. இப்போதுதான் நாங்கள் உண்மையான கூட்டாளிகள். தினமும் காலையில் கை கொடுக்கிறோம். அவர் கையை நெஞ்சுக்குக் கொண்டுபோவார், பாதி வழியில் சாவி நினைவுக்கு வந்து சட்டைப்பைக்குப் போய்விடும்.

போன வருடம் ஊருக்குப் போனேன். அண்ணன் இறந்துவிட்டார். என்னைப் போன்றவர்களும் மனை, பட்டறை வைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்தபின், பட்டறையை என் பேருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். அவர் மகனிடம், மேலண்டை நிலத்தைத் தமிழரசிக்கு எழுதிக் கொடுக்க முடியுமா, அதற்கு என்ன விலையோ நான் தருகிறேன் என்று கேட்டேன். "அத வித்து எத்தன வருஷமாச்சு சித்தப்பா, நீங்க எந்தக் காலத்துல இருக்கீங்க?" என்றான். பக்கிரியும் இறந்துவிட்டிருந்தார். தமிழரசி அதே ஊரில் வீடு கட்டியிருக்கிறார். பள்ளித் தலைமை ஆசிரியை. ஓய்வுபெறப் போகிற வயது. எனக்கு நாற்காலி போட்டுத் தானும் எதிரில் உட்கார்ந்தார். டீ வந்தது. நான் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததையெல்லாம் சொன்னேன். பதிவு அலுவலகத்தில் தலையாட்டியது, அவர் வீட்டில் தலையாட்டியது, இரண்டுக்கும் மன்னிப்பு. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நான் இப்ப என்ன சொல்லணும்னு எதிர்பாக்குறீங்க சார்?"

"ஒண்ணும் சொல்ல வேணாம். பட்டறைய உங்க பேருக்கு எழுதி வெக்கிறேன். அதுக்குத்தான் வந்தேன்." அவரை நீங்க என்று அப்போதுதான் முதல்முறையாகச் சொன்னேன்.

அவர் சிரித்துவிட்டார். எரிச்சல் இல்லாத சிரிப்பு. பள்ளிக்கூடத்தில் இதுபோல் பலதைக் கேட்டவர் சிரிக்கும் சிரிப்பு. "யாரு பேருக்கு? எங்கப்பா பேருல ஒருக்கா எழுதுனீங்க, பாத்துட்டோம். பேரு எங்ககிட்டயே இருக்கட்டும் சார்" என்றார். பிறகு, "டீ ஆறுது, குடிங்க."

குடித்தேன். வாசல்வரை வந்து, பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்லி அனுப்பினார். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. கால் தானாக வாய்க்கால் பக்கம் போனது. எங்கள் வீடு இருந்த இடத்தில் செங்கல் குவியல் கிடந்தது. மேலண்டை நிலத்தைச் சுற்றி இப்போது கம்பிவேலி. உள்ளே சம்பா நட்டுப் பச்சை பிடித்திருந்தது. வேலியோரம் கட்டிலில் படுத்திருந்த ஆள் எழுந்து வந்தார். வெளியூர்க்காரர், புது முதலாளி வைத்த காவல் ஆள்.

"யாருங்க அது? யாரு வேணும்?"

"யாரும் வேணாம்பா. நான் இந்த ஊருதான்."

"இந்த ஊருல எந்த வூடு?"

சொன்னேன். அப்பா பெயரையும் சொன்னேன். அவருக்குத் தெரியவில்லை. "அந்த வூடுதான் இடிச்சாச்சே. அவங்கள்லாம் இங்க இல்லியே?" என்று என் காலணியையும் சட்டையையும் ஏற இறங்கப் பார்த்தார். சட்டைப்பையில் இருந்த மலேசியக் கடவுச்சீட்டைக் காட்டி என்ன ஆகப்போகிறது?

"தமிழரசி டீச்சர் வீட்டுக்கு வந்தேன்" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "அத மொதல்லயே சொல்லப்படாதா? எம்பொண்ணு அவங்ககிட்டதான் படிச்சுது" என்று கம்பிக் கதவைத் திறந்துவிட்டார். "வரப்பு வழுக்கும், பாத்து நடங்க பெரியவரே."

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் இறங்கினேன். பின்னால், வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேறு யாரோ, யார் அது என்று குரல் கொடுத்தார்கள். காவல் ஆள் பதில் சொல்வது கேட்டது.

"டீச்சர் வூட்டு ஆளு. போவட்டும் வுடு."